ஆசிரியர் கற்றது மாணவரைச் சென்றடைந்ததா? ஹெதர் ஹில்லின் கால் நூற்றாண்டு ஆய்வு

மூன்று மாணவர்கள் 35ஐ 25ஆல் பெருக்கியிருக்கிறார்கள். மூவருக்கும் விடை 875. முதல் மாணவரின் தாளில் 125 என்று ஒரு வரி, அதன் கீழே ஓரிடம் இடப்பக்கம் தள்ளி 75 என்று ஒரு வரி. இரண்டாம் மாணவர் 175 எழுதி, அதன் கீழே 700 எழுதியிருக்கிறார். மூன்றாம் மாணவரின் தாளில் 25, 150, 100, 600 என்று நான்கு வரிகள். இப்போது ஆசிரியருக்கு ஒரு கேள்வி: இவற்றில் எந்தெந்த முறைகள் எந்த இரு முழு எண்களைப் பெருக்கவும் உதவும்?

விடை சரியா, தவறா என்பது இங்கே கேள்வியே இல்லை. அது பெருக்கல் தெரிந்த எவருக்கும் தெரியும். இரண்டாம் மாணவர் செய்தது நாம் எல்லோரும் பள்ளியில் கற்றதுதான்: 35 × 5 = 175, 35 × 20 = 700. மூன்றாம் மாணவர் ஒவ்வொரு எண்ணையும் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்து, நான்கு பெருக்கல்களையும் தனித்தனியே எழுதிவிட்டார். ஆசிரியரைத் திகைக்க வைப்பது முதல் மாணவர்தான். மேலே இருக்கும் எண்ணைக் கீழே இருக்கும் இலக்கங்களால் பெருக்குவதுதான் வழக்கம். இந்த மாணவர் கீழே உள்ள 25ஐ எடுத்து, மேலே உள்ள 35இன் இலக்கங்களால் பெருக்கியிருக்கிறார். 25 × 5 = 125. 25 × 3 = 75; அந்த மூன்று உண்மையில் முப்பது என்பதால் ஓரிடம் தள்ளி எழுதியிருக்கிறார். மூன்று முறைகளும் எந்த எண்ணுக்கும் பொருந்தும். முதல் தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "முறை தவறு" என்று எழுதிவிடும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை சரியாகச் சிந்தித்ததற்காகத் தண்டிக்கப்படுகிறது.

இந்தக் கேள்வி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. கல்வி ஆய்வாளர்களான டெபோரா பால், பிரையன் ரோவன், ஹெதர் ஹில் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இத்தகைய கேள்விகளைத் தயாரித்தார்கள். கணிதம் கற்பிக்கும் ஒருவருக்கு மட்டுமே தேவைப்படும் கணித அறிவு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை அளக்க முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பணி. அந்தக் குழுவில் ஹெதர் ஹில்லின் பாதை எனக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியமாகப் படுகிறது. தன் கையால் வடித்த அளவுகோலைக் கொண்டே, தான் நம்பிய ஒன்று போதாது என்று பின்னாளில் எழுதியவர் அவர். இப்படிச் செய்பவர்கள் எந்தத் துறையிலும் அதிகம் பேர் இல்லை.

கலிபோர்னியா: கொள்கைக்கும் வகுப்புக்கும் இடையில்

ஹில் கணிதம் படித்து இந்தத் துறைக்கு வந்தவர் அல்லர். மிச்சிகனில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தலைநகரில் எழுதப்படும் ஒரு கொள்கை, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கலிபோர்னியாவைவிடப் பொருத்தமான இடம் அப்போது இருந்திருக்க முடியாது.

1985இல் கலிபோர்னியா மாநிலம் கணிதத்துக்கு ஒரு புதிய கலைத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. மனப்பாடத்தையும் இயந்திரம் போலக் கணக்குப் போடுவதையும் குறைத்து, புரிதலுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்றது அது. அதற்கு ஏற்பப் பாடநூல்களும் மாற வேண்டும் என்று மாநிலம் பிடிவாதமாக நின்றது. 1992இல் இன்னும் துணிச்சலான அடுத்த சட்டகம் வந்தது. தேர்வும் மாற்றப்பட்டது.

இந்த மாற்றம் வகுப்பறையில் எப்படித் தெரிந்தது என்பதை, பின்னாளில் ஹில்லுடன் இணைந்து எழுதிய கல்விக் கொள்கை ஆய்வாளர் டேவிட் கோஹென், 1990இல் ஒரே ஓர் ஆசிரியரை வைத்து எழுதினார். அவருக்குக் கோஹென் சூட்டிய புனைபெயர் திருமதி உப்லியே. தன் கணித வகுப்பில் ஒரு புரட்சியே நடந்துவிட்டதாக அந்த ஆசிரியர் மனமார நம்பினார். குழந்தைகள் கையில் பயறும் கிண்ணங்களும் இருந்தன. இடமதிப்பைத் தொட்டு உணர்ந்து கற்கும் புதிய கருவிகள் அவை. ஆனால் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில், ஒரே கட்டளைக்கு, பழைய வாய்பாட்டு வகுப்பின் தாளத்திலேயே பயறை நகர்த்தினார்கள். மதிப்பிடுதல் பாடத்தில் குழந்தைகள் ஊகம் சொன்னார்கள். ஏன் அந்த எண் என்று யாரும் விவாதிக்கவில்லை. பொருள் புதியது, கணிதம் பழையது. கோஹென் அந்த ஆசிரியரை ஏளனம் செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் கேட்டது வேறு: தான் கற்ற கணிதத்தைத்தானே ஒருவர் கற்பிக்க முடியும்? புதிய கணிதத்தை அவருக்கு யார், எப்போது, எங்கே கற்றுக் கொடுத்தார்கள்?

ஒரு வகுப்பில் கண்டதை ஒரு மாநிலத்தில் தேடிப் பார்த்ததுதான் கோஹெனும் ஹில்லும் சேர்ந்து செய்த வேலை. 1994இல் கலிபோர்னியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 600 பேரிடம் விரிவான வினாத்தாள் வழியாகத் தகவல் திரட்டப்பட்டிருந்தது. யார் எந்தப் பயிற்சிக்குப் போனார்கள், எத்தனை நாள், வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவர்கள் அந்தப் பயிற்சிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பிரிப்பில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது.

ஒரு வகைப் பயிற்சி பொதுவானது. குழுவாகக் கற்பித்தல், பெண் குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு, குடும்பத்தோடு கணிதம் போன்றவை அதன் பொருள்கள். நல்ல நோக்கங்கள், ஆனால் ஆசிரியர் மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தோடு நேரான தொடர்பு இல்லாதவை. மற்ற வகை, மாணவர் கையில் சேரப் போகும் பாடத்தையே மையமாகக் கொண்டது. பாடநூலின் ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நடத்தக்கூடிய மாற்றுப் பாட அலகுகள் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தன. மேரிலின் பர்ன்ஸ் என்ற கல்வியாளர் தயாரித்த அலகுகளும் பயிலரங்குகளும் அவற்றில் பேர் பெற்றவை. இந்தப் பயிலரங்குகளில் ஆசிரியர்கள் மாணவர்களைப் போல உட்கார்ந்து அந்தக் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். பின்பு தங்கள் வகுப்பில் நடத்தினார்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. பொதுவான பயிற்சிக்குப் போனவர்களின் வகுப்பறைப் பழக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பாடத்தை மையமாகக் கொண்ட பயிற்சிக்குப் போனவர்கள், அதிலும் கூடுதல் நாள் செலவிட்டவர்கள், மாறியிருப்பதாகத் தெரிவித்தார்கள். அத்தகைய ஆசிரியர்கள் அதிகமாக இருந்த பள்ளிகள் மாநிலத்தின் புதிய தேர்விலும் சற்று மேலான மதிப்பெண் பெற்றிருந்தன. ஆனால் 1994இலேயே ஆளுநர் பீட் வில்சன் அந்தத் தேர்வுக்கான நிதியை மறுத்தார்; தேர்வு நின்றது. 1997இல் மாநிலம் வேறொரு கணிதத் தரப்பட்டியலுக்குத் திரும்பியது. ஊடகங்கள் கணிதப் போர் என்று அழைத்த அந்தச் சண்டையில், ஆசிரியர் எப்படிக் கற்கிறார் என்ற கேள்வியைப் பலரும் மறந்தே போனார்கள். கோஹென், ஹில் ஆய்வு 2000இல் வெளிவந்தபோது, அது ஆராய்ந்த சீர்திருத்தம் பழங்கதையாகியிருந்தது.

இந்த ஆய்வின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றித் தானே சொன்னதை அது நம்பியது. திருமதி உப்லியேயும் அப்படித்தானே சொன்னார்! மேலும், விரும்பிப் பயிற்சிக்குப் போனவர் ஏற்கெனவே ஆர்வமுள்ளவராக இருந்திருக்கலாம். மாற்றம் பயிற்சியால் வந்ததா, ஆர்வத்தால் வந்ததா என்று முழுமையாகப் பிரிக்க முடியாது. ஆய்வாளர்கள் இருவரும் அதை அறிந்தே, முடிந்தவரை கணக்கில் எடுத்தார்கள். ஹில்லின் பின்னாளைய வேலை முழுவதும் இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்கும் முயற்சி என்றே நான் வாசிக்கிறேன்.

அறிவை அளப்பது

ஆசிரியருக்கு எவ்வளவு கணிதம் தெரியும் என்பதை முன்பெல்லாம் அவர் படித்த கணிதப் பாடங்களின் எண்ணிக்கையாலும் பட்டத்தாலும் மதிப்பிட்டார்கள். 1980களின் நடுவில் கல்வியாளர் லீ ஷுல்மன் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். பாடம் தெரிவதும், பாடத்தை மற்றவருக்குப் புரியும்படி உருமாற்றத் தெரிவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். டெபோரா பால் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவே பல ஆண்டுகள் பணியாற்றியவர். அந்த வாதத்துக்கு வகுப்பறை உருவம் கொடுத்தவர். அவர் ஆசிரியர்களிடம் கேட்ட ஒரு கேள்வி பின்பு உலகப் புகழ் பெற்றது: 1¾ ÷ ½ என்பதற்கு ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள்.

தலைகீழாக்கிப் பெருக்கினால் விடை 3½. இதற்குக் கதை எப்படிச் சொல்வது? ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் குவளைகளில் ஊற்றினால் எத்தனை குவளை நிறையும்? மூன்றரை. அவ்வளவுதான். ஆனால் பலர் சொல்லும் கதை, ஒன்றேமுக்கால் அப்பத்தை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது. அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது அல்ல. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் இதே கேள்வியை அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடம் கேட்டபோது, கருத்துப் பிழையில்லாத கதை சொன்னவர் ஒருவரே. 1999இல் வெளிவந்த அந்த ஒப்பீட்டில் சீன ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பொருத்தமான கதை சொன்னார்கள், அதுவும் பல விதமாக.

நேர்காணலில் ஆழம் கிடைக்கும்; ஆனால் ஆயிரம் ஆசிரியர்களை நேர்காண முடியாது. எனவே பெரிய அளவில் கொடுக்கக்கூடிய, நம்பகமான பலவிடைத் தேர்வு வேண்டும். 35 × 25 போன்ற கேள்விகள் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. மிச்சிகன் குழு நூற்றுக்கணக்கான கேள்விகளை எழுதி, சோதித்து, தள்ளி, திருத்தியது. கணிதவியலாளர் ஹைமன் பாஸும் இதில் பங்கேற்றார்.

பின்பு வந்தது 2005இல் வெளியான ஆய்வு. ஹில், ரோவன், பால் மூவரும் 115 தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்பு ஆசிரியர்கள் 334 பேரையும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 365 பேரையும் அவர்களுடைய மாணவர்களையும் தொடர்ந்தார்கள். தேர்வில் அதிகக் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்த ஆசிரியரின் மாணவர்கள் அந்த ஆண்டில் அதிகம் முன்னேறினார்கள். சராசரி மதிப்பெண் பெற்ற ஆசிரியரோடு மேல் கால்பகுதியில் உள்ள ஆசிரியரை ஒப்பிட்டால், வேறுபாடு இரண்டு, மூன்று வாரம் கூடுதலாகப் பள்ளி நடத்தியதற்குச் சமம். சான்றிதழிலோ, கல்லூரியில் படித்த கணிதப் பாடங்களின் எண்ணிக்கையிலோ இத்தகைய தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இதில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. அவசரமாகப் படிப்பவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். "கெட்டிக்கார ஆசிரியர் எதையும் நன்றாகக் கற்பிப்பார், இதில் கணிதத்துக்கு என்ன தனிப் பெருமை?" என்று யாரேனும் கேட்கலாம் அல்லவா? அதற்காக, வாசிப்பு கற்பிக்கத் தேவையான அறிவையும் இதே ஆசிரியர்களிடம் அளந்திருந்தார்கள். அந்த மதிப்பெண் மாணவரின் கணித முன்னேற்றத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. கணிதம் கற்பிக்கும் அறிவு மட்டுமே சொன்னது. ஒரு கேள்விக்கு இப்படி முன்னதாகவே பதில் வைத்திருப்பதுதான் நல்ல ஆய்வாளரின் அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

இந்த அறிவைக் கற்றுக் கொடுக்க முடியுமா? 2004இல் ஹில்லும் பாலும் கலிபோர்னியாவின் கோடைக் கணிதப் பயிலரங்குகளை ஆராய்ந்தார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் வரை நடந்தவை அவை. ஆசிரியர்களின் மதிப்பெண் உயர்ந்தது. நீண்ட பயிலரங்குகளிலும், காரணம் சொல்லி விளக்கும் பயிற்சிக்கு இடம் கொடுத்த பயிலரங்குகளிலும் கூடுதலாக உயர்ந்தது.

ஆக, கையில் இருந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். ஆசிரியரின் அறிவு மாணவரின் முன்னேற்றத்தோடு சேர்ந்து நடக்கிறது. அந்த அறிவைப் பயிற்சியால் உயர்த்தலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவது தானே விழுகிறது: ஆசிரியரின் அறிவை உயர்த்து, மாணவர் உயர்வார். அந்த நாட்களில் இதை நம்பாதவர் யார்?

வகுப்பறைக்குள் ஒரு கேமரா

நம்புவதற்கு முன்பு ஹில் இடையில் இருந்த இடத்தைப் பார்க்க விரும்பினார். ஏரியில் நீர் இருப்பதும் கடைமடை வயலில் ஈரம் இருப்பதும் தெரிந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் நெடுக நடந்து பார்க்க வேண்டும். அப்படி நடந்து பார்ப்பதற்காக அவரும் சகாக்களும் உருவாக்கியது, கற்பித்தலின் கணிதத் தரத்தை அளக்கும் ஒரு கருவி. பாடத்தை வீடியோவில் பதிவு செய்து, சில நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் இடுவார்கள்.

எதைப் பார்க்கிறார்கள் என்பதே சுவாரசியமானது. ஆசிரியர் சிரித்த முகமா, வகுப்பு ஒழுங்கா, கரும்பலகையில் கையெழுத்து அழகா என்பதெல்லாம் கணக்கில் வராது. கணிதம் செழிப்பாக இருக்கிறதா: ஒரு முறை ஏன் வேலை செய்கிறது என்று விளக்கம் வருகிறதா, இரண்டு வழிகள் ஒப்பிடப்படுகின்றனவா? ஆசிரியர் பேச்சில் கணிதப் பிழை இருக்கிறதா? மாணவர் சொன்ன அரைகுறைப் பதிலை எடுத்து மேலே கொண்டு போகிறாரா, அல்லது "சரி, வேறு யார்?" என்று கடந்துவிடுகிறாரா? மாணவர்கள் தாங்களே கேட்கிறார்களா, காரணம் சொல்கிறார்களா?

2008இல் பத்து ஆசிரியர்களின் பாடங்களை இப்படி ஆராய்ந்து வெளியிட்டார்கள். தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களின் பாடங்களில் கணிதத் தரமும் பொதுவாக உயர்ந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது அந்தப் பொதுப்போக்கு அல்ல. அதிலிருந்து விலகிய ஆசிரியர்கள். அறிவு இருந்தும் அது வகுப்பில் தென்படாதவரும் உண்டு. பாடநூலை ஒருவர் எப்படிக் கையாள்கிறார், கணிதத்தைப் பற்றி என்ன நம்புகிறார், போன பயிற்சியில் எதை எடுத்துக்கொண்டார் என்பவை குறுக்கே வந்தன. கணிதத்தை விளையாட்டாக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் கணிதத்தையே தொலைத்துவிடும் பாடங்கள் கூட அந்த வீடியோக்களில் தெரிந்தன. வாய்க்காலில் மடை அடைந்திருக்கக் கூடிய இடங்கள் அப்போதே கண்ணில் பட்டுவிட்டன.

ஒன்றன் பின் ஒன்றாக வந்த வெறுங்கை

அடுத்த கட்டம் குலுக்கல் முறை ஆய்வுகளின் காலம். பள்ளிகளையோ ஆசிரியர்களையோ குலுக்கல் போட்டுப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பயிற்சி கொடுத்து, மறுபகுதியை வழக்கம்போல விட்டு, முடிவை ஒப்பிடுவது. ஆர்வமுள்ளவர் மட்டும் வந்தார் என்ற பழைய சந்தேகத்துக்கு இதில் இடமில்லை.

அமெரிக்கக் கூட்டரசின் கல்வித் துறை நிதியில் மைக்கேல் கேரட் தலைமையில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நான்காம் வகுப்பு ஆசிரியர்களுக்கு மொத்தம் 93 மணி நேரப் பயிற்சி. அதன் பெரும்பகுதி கணித உள்ளடக்கம். பள்ளி ஆண்டில் சந்திப்புகளும், ஆசிரியரின் பாட வீடியோவைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடும் இருந்தன. பலன்? ஆசிரியர்களின் கணித அறிவு கணிசமாக உயர்ந்தது. பாடங்களில் கணிதச் செழிப்பும் கூடியது. அதை அளக்கப் பயன்பட்டது ஹில் குழுவின் கருவிதான். மாணவர் மதிப்பெண் மட்டும் உயரவில்லை.

93 மணி நேரம் என்பதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தன் கோடை விடுமுறையை விட்டுக் கொடுத்தார். கற்றார், உண்மையாகவே கற்றார். வகுப்பில் முன்பைவிட நன்றாக விளக்கினார். அதன் பிறகும் அந்த ஆண்டின் தேர்வில் குழந்தைகள் ஒப்பீட்டு வகுப்பின் குழந்தைகளைவிட முன்னே போகவில்லை. இதைப் படித்துவிட்டு "ஆசிரியர்கள் சரியில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இங்கே ஆசிரியர்கள் தங்களிடம் கேட்டதைச் செய்துவிட்டார்கள். தவறியது நாம் வரைந்து வைத்திருந்த வழி.

ஹில்லே பங்கேற்ற ஆய்வு 2017இல் வந்தது. ராபின் ஜேக்கப், ஹில், டக்ளஸ் கோரி மூவரும் மேத் சொல்யூஷன்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தை மதிப்பிட்டார்கள். அதை நிறுவியவர் மேரிலின் பர்ன்ஸ். ஆம், 1994 வினாத்தாளில் நல்ல பலன் காட்டிய பயிலரங்குகளின் அதே மேரிலின் பர்ன்ஸ். ஹில்லின் முதல் பெரிய ஆய்வு எந்த வகைப் பயிற்சிக்குக் கை கொடுத்ததோ, அந்த மரபில் வந்த திட்டம் இப்போது குலுக்கல் முறையில் அவர் முன் நிற்கிறது. ஆசிரியர் அறிவில் சிறிதளவு முன்னேற்றத்துக்கு வரையறுக்கப்பட்ட சான்று கிடைத்தது. கற்பித்தலில் மாற்றமில்லை. மாணவர் மதிப்பெண்ணிலும் மாற்றமில்லை. அதை அப்படியே எழுதினார்கள்.

2020இல் மேத்யூ கிராஃப்டும் ஹில்லும் வெளியிட்டது இன்னும் நெருக்கமானது, ஏனெனில் மதிப்பிடப்பட்டது ஹில் குழுவின் சொந்தத் திட்டம். ஆசிரியர் தன் பாடத்தை வீடியோ எடுத்து, அந்தக் கணிதத் தர அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இணையவழியில் ஒரு பயிற்றுநரோடு சேர்ந்து துண்டு துண்டாக அலசுவார். இங்கே கற்பித்தல் உண்மையிலேயே மேம்பட்டது. மாணவர்களும் தங்கள் வகுப்பு மாறியிருப்பதை உணர்ந்து சொன்னார்கள். தேர்வு மதிப்பெண் நகரவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் கேரட் ஆய்விலும் கிராஃப்ட் ஆய்விலும் சுரைக்காய் கறியாகவும் ஆகியிருந்தது, கற்பித்தல் மாறியிருந்தது. பிறகு ஏன்? தேர்வு அளக்கும் திறன் வேறாக இருக்கலாம். மாற்றம் மிகச் சிறிதாக இருந்திருக்கலாம். ஓர் ஆண்டு போதாமல் இருந்திருக்கலாம். எனக்கு வலுவாகப் படும் காரணம் இன்னொன்று. ஆசிரியர் மேம்பட்ட அறிவோடு வகுப்புக்குத் திரும்பினாலும், மேசையில் காத்திருப்பது பழைய பாடநூல், பழைய கால அட்டவணை, பழைய தேர்வு. கற்றதைச் செலவழிக்க அங்கே கடையே இல்லை.

95 ஆய்வுகளை ஒன்றாக வைத்தபோது

ஓரிரு ஆய்வுகளில் சோர்ந்துவிடக் கூடாது என்பதால் 2019இல் கேத்லீன் லிஞ்ச், ஹில், கேத்ரின் கொன்சாலெஸ், சிந்தியா பொல்லார்ட் நால்வரும் அறிவியல், கணிதம் சார்ந்த பள்ளித் திட்டங்களை மதிப்பிட்ட 95 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர் பயிற்சி, புதிய பாடப்பொருள், இரண்டும் சேர்ந்தவை என எல்லாம் அதில் அடங்கின. சராசரிப் பலன் 0.21 திட்ட விலக்கம். நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் மாணவர் 58ஆம் இடத்தை ஒட்டி மேலே நகருவார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அரசின் பொதுத்தேர்வை அளவாகக் கொண்ட ஆய்வுகளில் பலன் குறைவு, ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த தேர்வுகளில் கூடுதல் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

எந்தத் திட்டங்கள் கூடுதல் பலன் தந்தன? வகுப்பில் பயன்படுத்தப் போகும் பாடப்பொருளை எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குக் கற்றுக் கொடுத்தவை. பாட அறிவையும் மாணவர் சிந்திக்கும் விதத்தையும் தொட்டவை. கோடைப் பயிலரங்கு நடத்தியவை. பிறகு ஆசிரியர்கள் கூடி, "நேற்று நடத்தினேன், இந்த இடத்தில் சிக்கியது" என்று பேசி அவிழ்க்க நேரம் ஒதுக்கியவை. பயிற்சி மணி நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இத்தனை மணி நேரம் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று விதி போட்டு, கையொப்பப் பதிவேட்டைப் பாதுகாக்கும் எந்த நிர்வாகமும் இந்த ஒரு முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மாற்றுப் பாட அலகைத் தானே போட்டுப் பார்த்து, வகுப்பில் நடத்திய 1994இன் கலிபோர்னிய ஆசிரியர் இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறார். ஓட்டைகள் இருந்த அந்தப் பழைய வினாத்தாள், திசையைப் பெருமளவு சரியாகவே காட்டியிருந்தது.

ஹில் இன்னொரு வழக்கத்தையும் 2020இல் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து மாணவரின் தேர்வு மதிப்பெண் பட்டியலை அலசும் கூட்டங்கள் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலானவை. அவற்றை மதிப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் மாணவர் கற்றல் உயரவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். எந்தக் குழந்தைக்குப் பின்னம் வரவில்லை என்று பட்டியல் சொல்லும். நாளைக்குப் பின்னத்தை வேறு எப்படி நடத்துவது என்று அது சொல்லாது.

2022இல் ஹில்லும் ஜான் பாப்பேயும் இணைந்து, ஆசிரியர் கற்றலை எப்படி வலுப்படுத்துவது என்று ஒரு சுருக்க அறிக்கை எழுதினார்கள். உள்ளடக்க அறிவை மட்டும் வளர்ப்பதைவிட, அந்தப் பாடத்தை நடத்தும் நடைமுறையைக் குறிவைக்கும் பயிற்சியே பலன் தர வாய்ப்பு அதிகம் என்றது அது. பொதுக் கொள்கைகளைவிட அன்றாடம் கையில் எடுக்கக்கூடிய பாடப்பொருளுக்கு முதலிடம் தரச் சொன்னது.

இந்த வரியை எழுதியவர் யார் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். ஆசிரியரின் கணித அறிவை அளக்கும் கருவியை உலகுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர். அந்த அறிவு மாணவரின் முன்னேற்றத்தோடு சேர்ந்து நடக்கிறது என்று நிறுவியவர். அந்தக் கண்டுபிடிப்பை 2022இலும் அவர் திரும்பப் பெறவில்லை, பெறவும் தேவையில்லை. முதல் மாணவரின் தாளில் 125ஐயும் தள்ளி எழுதிய 75ஐயும் பார்த்து அது சரி என்று உணரும் ஆசிரியர் வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. பெருக்கல் பாடத்தின் எந்த நாளில், எந்தப் பக்கத்தில், எந்தக் கணக்கைக் கொடுத்தால் அப்படி ஒரு தாள் வகுப்பில் பிறக்கும், பிறந்ததும் அதைக் கரும்பலகைக்கு அழைத்து மற்ற இருவரின் தாள்களோடு பக்கத்தில் எழுதச் சொல்வது எப்படி என்பதைத்தான் இன்றைய பயிற்சிகளிடம் அவர் கேட்கிறார். ஹார்வர்டில் ஆசிரியர் கற்றல் துறையின் பேராசிரியராக இருந்து, அதற்கான பதிலை அவர் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்.